1966 பேட்மேன் தொடர்: யாரைக் கேலி செய்தது, யாரை விட்டுவைத்தது?

பழைய ஆன்டெனா எழுதியது:

ஆடம் வெஸ்ட் நடித்த பழைய பேட்மேன் தொடரைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான் வரும். பளிச்சென்ற கலர், சண்டை வந்தால் திரை முழுக்க எழுத்து வெடிக்கும், சிறுவர்களுக்கான கோமாளித்தனம், அவ்வளவுதான். 2014-இல் வட்டுத் தொகுப்பு வந்த பிறகு 120 அத்தியாயங்களும் வரிசையாகக் கிடைக்கின்றன. அப்படி வரிசையாகப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. 1966 ஜனவரி முதல் 1968 மார்ச் வரை அமெரிக்கத் தெருவில் பேசப்பட்ட விஷயங்களில் பாதி, ஏதாவது ஒரு வேஷம் போட்டுக்கொண்டு கதை நடக்கும் கோதம் நகருக்குள் வந்து போகிறது. ஹிப்பிகள், மாணவர் கலவரம், பெண்ணுரிமை, ராணுவம், தேர்தல்.

தேர்தலையே எடுத்துக்கொள்வோம். 1966 நவம்பர் 2, 3 தேதிகளில் வந்த இரட்டை அத்தியாயம். வில்லன் பெங்குவின் மேயர் பதவிக்கு நிற்கிறான். பெங்குவினாக நடித்த பர்ஜஸ் மெரிடித் அந்த ‘க்வாக்’ சிரிப்போடு தன் ஆட்களுக்கு வகுப்பெடுக்கும் காட்சி ஒன்று உண்டு. பேண்டு வாத்தியம் வேண்டும், பெண்கள் வேண்டும், கோஷம் வேண்டும், கொள்கை மட்டும் கூடாது. பிரச்சினைகளைப் பேசினால் ஜனங்கள் குழம்பிப்போவார்கள் என்கிறான். இத்தனை நாள் ஒளிந்து செய்த தில்லுமுல்லையெல்லாம் இனிச் சட்டப்படியே செய்யலாம் என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பூரிப்பு. அவன் கூட்டத்தில் பால் ரெவியர் அண்ட் த ரெய்டர்ஸ் என்ற ராக் இசைக்குழுவினர் வந்து பாடுகிறார்கள், தொப்புள் நடனமும் உண்டு. எதிர்த்து நிற்கும் பேட்மேனோ பிரச்சினைகளை மட்டும் பேசுவேன் என்கிறார். குழந்தைக்கு முத்தம் கொடுக்கச் சொன்னால் கிருமி பரவும், சுகாதாரமில்லை என்று மறுக்கிறார். கருத்துக்கணிப்பில் பெங்குவின்தான் முன்னால் ஓடுகிறான்.

ஏற்கெனவே மேயராக இருப்பவர் பெயர் லின்சீட். அந்த வருடம்தான் நியூயார்க்கில் ஜான் லின்ட்சே மேயராகப் பொறுப்பேற்றிருந்தார். ஆளுநர் பெயர் ஸ்டோன்ஃபெல்லோ. அன்றைய நியூயார்க் ஆளுநர் ராக்ஃபெல்லரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த அத்தியாயம் வந்த அதே வாரத்தை ஒட்டி, நவம்பர் 8 அன்று, நடிகர் ரொனால்டு ரீகன் கலிபோர்னியாவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

என் வாதம் இதுதான்: இது அதிகாரத்தைக் கேலி செய்த தொடர். மறுப்பவர்கள் வரலாம்.


மூன்றாம் மாடி எழுதியது:

மறுக்கிறேன். தயாரிப்பாளர் வில்லியம் டோஸியருக்கு அரசியலெல்லாம் கிடையாது. பிள்ளைகளுக்குச் சாகசம், பெரியவர்களுக்குச் சிரிப்பு, ஒரே டிக்கெட்டில் இரண்டு படம். அதற்காகத்தான் நடிகர்கள் யாரும் சிரிக்காமல், பின்னணியில் சிரிப்பொலியும் சேர்க்காமல் எடுத்தார்கள். மேயர் பெயரைத் திரித்துவைத்தால் அது நையாண்டிப் பத்திரிகை வேலை, அரசியல் ஆகிவிடாது.

அந்தத் தேர்தல் கதை எப்படி முடிகிறது என்பதையும் சொல்லியிருக்கலாம். பேட்மேன் ஜெயிக்கிறார், ஜெயித்த கையோடு நாற்காலியை லின்சீடிடமே விட்டுவிடுகிறார். எதுவும் மாறவில்லை. கேலி செய்தது தேர்தல் கூத்தைத்தான். நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

(தயவுசெய்து இதில் நம் ஊர்த் தேர்தலை இழுத்துவராதீர்கள். நாலாவது பதிவிலேயே இழை பூட்டப்படும்.)


ஈரவெளி எழுதியது:

மூன்றாம் மாடி, 1966 கோடையில் வந்த பேட்மேன் திரைப்படத்தை மறந்துவிட்டீர்கள். தொடரின் அதே குழு எடுத்தது. அதில் பெங்குவினுக்கு நீர்மூழ்கி எங்கிருந்து கிடைக்கிறது? அமெரிக்கக் கடற்படையே விற்கிறது! அணுக்காலத்துக்கு முந்தைய பழைய கப்பல், உபரி என்று கழித்துக்கட்டியது. வாங்கியவர் பெயர் பி. என். க்வின், முகவரி ஒரு தபால் பெட்டி எண். இதை விற்ற அட்மிரல் பென்டகனில் உட்கார்ந்து தன் பெண் உதவியாளரோடு சில்லு சுண்டி விளையாடிக்கொண்டிருக்கிறார். பேட்மேன் தொலைபேசியில் கூப்பிட்டு, முழு முகவரிகூடக் கொடுக்காத ஆளுக்குப் போர்க்கப்பலை விற்பீர்களா என்று பள்ளி ஆசிரியர் மாதிரிக் கடிந்துகொள்கிறார். வியட்நாமுக்கு மாதாமாதம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்த வருடத்தில் கடற்படைத் தலைமையை இப்படிக் காட்டினார்கள். கீறல் விழவில்லை என்கிறீர்களே.

அதே படத்தில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் நகல் ஒன்று வரும். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமல் மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். வில்லன்கள் உள்ளே நுழைந்து ஒவ்வொருவராக உலர்த்திப் பொடியாக்கும்போதும் பக்கத்து நாற்காலிக்காரர் கத்தலை நிறுத்துவதில்லை. கடைசியில் பொடிகள் கலந்துபோய், பேட்மேன் பிரித்துத் தண்ணீர் விட்டு எழுப்பினால் ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டு மொழியில் கத்துகிறார். இந்தக் கலப்படமே மனித குலத்துக்கு நல்லதாக அமையலாம் என்று சொல்லிவிட்டு பேட்மேனும் அவர் உதவியாள் ராபினும் சத்தமில்லாமல் ஜன்னல் வழியாக இறங்கிப் போகிறார்கள். பனிப்போர் காலத்தில் இதைவிடத் துணிச்சலாக ஒரு முடிவை எந்தத் தீவிரமான படம் வைத்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மூன்றாம் மாடி எழுதியது:

அட்மிரல் காட்சி நல்ல காட்சி. ஒப்புக்கொள்ள அதற்கு மேல் ஒன்றுமில்லை.


சாம்பல் பூனை எழுதியது:

இங்கே எல்லோரும் தொடர் யாரைக் கேலி செய்தது என்றே பேசுகிறீர்கள். மேலே இருப்பவனைப் பார்த்துச் சிரித்த இடங்களை எடுத்து வைப்பது சுலபம். கீழே இருப்பவர்களைப் பார்த்துச் சிரித்த இடங்கள்?

1968 ஜனவரி 18 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தைப் பாருங்கள். பார்பரா ரஷ் நடித்த நோரா கிளாவிக்கிள் பெண்ணுரிமைப் போராளி. மேயரின் மனைவி வீட்டு வேலையை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்ய, அதைத் தாங்காமல் மேயர் காவல் கமிஷனர் கார்டனை வேலையை விட்டுத் தூக்கிவிட்டு நோராவை உட்காரவைக்கிறார். நோரா வந்ததும் காவல் துறை முழுக்கப் பெண்கள். வங்கிக் கொள்ளை நடக்கிறது என்று தகவல் வந்தால் அந்தப் பெண் போலீஸ்காரர்கள் சமையல் குறிப்பும் ஒப்பனையும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நோராவின் உண்மையான திட்டம், கோதம் நகரையே காப்பீடு செய்துவிட்டு வெடிமருந்து அடைத்த இயந்திர எலிகளை விட்டு ஊரைத் தகர்ப்பது. எலி என்றால் பெண்கள் நாற்காலி மேல் ஏறிவிடுவார்களாம், தடுக்க ஆளிருக்காதாம். கடைசியில் பேட்மேன் கூட்டம் புல்லாங்குழல் ஊதி எலிகளை ஆற்றுக்கு இழுத்துப்போகிறது, கார்டன் தன் நாற்காலிக்குத் திரும்புகிறார், எல்லோருக்கும் நிம்மதி.

அமெரிக்காவின் தேசியப் பெண்கள் அமைப்பு தொடங்கப்பட்டது 1966-இல். இண்டியானாபொலிஸ் நகரக் காவல் துறை இரண்டு பெண்களை முதன்முதலாக ரோந்து வண்டியில் அனுப்பியது, இதே 1968-இல், இந்த அத்தியாயம் வந்து எட்டு மாதம் கழித்து. அவர்கள் எலியைப் பார்த்து ஓடியதாகத் தகவல் இல்லை.

இப்போது அந்தத் தேதிக்கு வருகிறேன். 1968 ஜனவரி 18, வியாழக்கிழமை. அன்று மதியம் வெள்ளை மாளிகையில் அதிபரின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் ஒரு விருந்து கொடுத்தார். அழைக்கப்பட்டவர்கள் பெண்கள். பேசவேண்டிய பொருள், தெருவில் பெருகும் குற்றங்கள், அதைத் தடுக்கக் குடிமக்கள் என்ன செய்யலாம். விருந்தினர்களில் ஒருவர் எர்த்தா கிட், அந்தப் பருவத்தில் பூனை வேட வில்லி கேட்வுமனாக நடித்தவர். தன் முறை வந்ததும் எழுந்து, இந்த நாட்டின் நல்ல பிள்ளைகளையெல்லாம் சாகவும் முடமாகவும் போருக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் ஏன் தெருவில் கலகம் செய்கிறார்கள் என்று கேட்கிறீர்களே என்ற பொருளில் லேடி பேர்டின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அதன் பிறகு அமெரிக்காவில் அவருக்கு வாய்ப்புகள் வற்றிப்போயின. பல வருடம் ஐரோப்பாவில்தான் பிழைப்பு. சி.ஐ.ஏ. அவரைப் பற்றிக் கோப்பு வைத்திருந்தது 1975-இல் வெளியே வந்தது. பிராட்வேக்குத் திரும்பியது 1978-இல்.

மதியம் கேட்வுமன் வெள்ளை மாளிகையில் போரைப் பற்றிப் பேசுகிறார். ராத்திரி அதே தொடரில் பெண் போலீஸ் எலியைப் பார்த்து அலறுகிறது. தொடரின் அரசியல் எங்கே இருந்தது என்று கேட்டால் நான் இந்த ஒரு நாளைக் காட்டுவேன். அரசியல் நடிகையிடம் இருந்தது, கதையில் இல்லை.


பழைய ஆன்டெனா எழுதியது:

பூனை மேடம், அந்த ஒரு அத்தியாயத்தை நானும் காப்பாற்றப்போவதில்லை. மூன்றாம் பருவத்தில் பணமும் குறைந்தது, எழுத்தும் மெலிந்தது. வாரம் இரண்டு நாள் வந்தது ஒரு நாளாகச் சுருங்கியிருந்தது. ஆனால் அதே பருவத்தில்தானே பேட்கேர்ள் வந்தாள்? 1967 செப்டம்பரில். பகலில் நூலகர், இரவில் யார் அனுமதியும் கேட்காமல் தன் வண்டியில் கிளம்புகிறாள். அவள் யாரென்று அப்பாவான கமிஷனருக்கும் தெரியாது, பேட்மேனுக்கும் தெரியாது. பேட்மேன் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட்டுக்கு மட்டும் தெரியும். அந்த அளவு சுதந்திரம் அன்றைய தொலைக்காட்சியில் எத்தனை பெண் பாத்திரங்களுக்குக் கிடைத்தது?


சாம்பல் பூனை எழுதியது:

அவள் வந்த முதல் அத்தியாயத்திலேயே பெங்குவின் அவளைக் கடத்திக் கட்டாயக் கல்யாணம் செய்யப் பார்க்கிறான், கமிஷனர் மருமகனாக ஆகிவிட்டால் போலீஸ் தொடாது என்று. சரி, அது வில்லன் வேலை. சண்டையைக் கவனியுங்கள். பேட்கேர்ள் யாரையும் முஷ்டியால் குத்தமாட்டாள். குத்தக் கூடாது என்று கட்டுப்பாடு. அவளாக நடித்த இவான் கிரெய்க் பாலே நடனம் பயின்றவர், அதனால் காலைத் தூக்கி உதைப்பார், சுழல்வார், நாற்காலியைத் தள்ளுவார். குத்து முழுக்க ஆண்களுக்கு. நன்றாக உதைத்தார் என்பது அவர் திறமை.

நீங்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன், உங்கள் கட்சிக்கு உதவும். தொடர் முடிந்து சில வருடம் கழித்து, 1970-களின் தொடக்கத்தில், அமெரிக்கத் தொழிலாளர் துறைக்காக ஒரு விளம்பரத் துண்டு எடுத்தார்கள். பேட்மேனையும் ராபினையும் கம்பத்தில் கட்டிப்போட்டிருக்கிறது, பக்கத்தில் வெடிகுண்டு டிக் டிக் என்கிறது. பேட்கேர்ள் வருகிறாள், ஆனால் கட்டை அவிழ்க்கவில்லை. ராபினுக்குக் கொடுப்பதைவிட எனக்குக் குறைவாகக் கொடுக்கிறீர்கள், அதே வேலை, அதே முதலாளி, சமச் சம்பளம் சட்டம் என்கிறாள். பேட்மேன் இது நேரமா என்கிறார். கிரெய்க்கும், ராபினாக நடித்துவந்த பர்ட் வார்டும் நடித்தார்கள். ஆடம் வெஸ்ட் வரவில்லை, முகமூடிக்குள் இருந்தவர் டிக் காட்டியர். அந்தச் சட்டம் 1963-இல் வந்தது. தொடர் ஓடிய காலம் முழுக்க நடைமுறையில் இருந்தது. ஆனால் அவள் சம்பளம் கேட்க, தொடர் முடிந்து அரசாங்கமே காசு போட்டு எடுக்கவேண்டியிருந்தது.


கடலை மிட்டாய் எழுதியது:

பேட்மேன் சம்பளம் கொடுத்தாரா?! அவர்கள் எல்லாம் சேவை என்றல்லவா நினைத்திருந்தேன்.


தபால்காரர் எழுதியது:

எர்த்தா கிட் பற்றி ஒரு சேர்க்கை. ஜூலி நியூமார் கேட்வுமனாக இருந்தவரை அவளுக்கும் பேட்மேனுக்கும் ஒரு காதல் இழையோடிக்கொண்டே இருக்கும். அவள் நெருங்குவாள், இவர் சட்டப் புத்தகத்தை நினைத்துக்கொண்டு விலகுவார். கருப்பினப் பெண்ணான கிட் வந்ததும் அது அப்படியே காணாமல் போனது. யாரும் காரணம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. கலப்புத் திருமணத்துக்கு எதிரான மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 1967 ஜூனில். கிட் திரையில் வந்தது அந்த டிசம்பரில்.

இருந்தாலும் கிட்டைத் தேர்ந்தெடுத்ததே பெரிய விஷயம் என்பதையும் எழுதிவைக்கிறேன். அவள் இன்னொரு வில்லி, அவ்வளவுதான். கருப்பு வில்லி என்று கதை எங்கும் அடிக்கோடு போடவில்லை. அந்த உறுமல் குரலுக்கு ஈடு இன்றுவரை இல்லை.

அவருடைய கடைசி அத்தியாயம் 1968 ஜனவரி 4. வெள்ளை மாளிகை விருந்துக்கு இரண்டு வாரம் முன்பு. அதில் ஜோக்கரும் கேட்வுமனும் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்காக வாதாடும் வக்கீலாக வருபவர் யார் தெரியுமா? பியர் சாலிங்கர். கென்னடியின் பத்திரிகைச் செயலாளராக இருந்த அதே ஆள். ஜூரிகள் எல்லாம் வில்லன்களின் பழைய அடியாட்கள். வெள்ளை மாளிகையில் இருந்தவர் இங்கே வந்து கோமாளி வக்கீலாக நடிக்கிறார், இங்கே கோமாளித்தனம் செய்தவர் அங்கே போய் உண்மையைப் பேசுகிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இவருக்கு வேலை போயிற்று.


மூன்றாம் மாடி எழுதியது:

சட்டம், ஒழுங்கு பக்கம் யாரும் போகவில்லையே. முதல் அத்தியாயமே அதுதான். 1966 ஜனவரி 12. வில்லன் ரிட்லர் ஓவியக் கூடத்தில் துப்பாக்கி நீட்டியதாக நினைத்து பேட்மேன் அவனைப் பிடிக்கிறார். பார்த்தால் அது சிகரெட் லைட்டர். உடனே பொய்யாகக் கைது செய்ததாகப் பத்து லட்சம் டாலர் கேட்டு ரிட்லர் வழக்குப் போடுகிறான். நீதிமன்றத்துக்குப் போனால் முகமூடியைக் கழற்றவேண்டும். முகமூடிக்காரன் கையில் சட்டத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பிற்காலத்தில் பெரிய பெரிய காமிக்ஸ்கள் பக்கம் பக்கமாகக் கவலைப்பட்டதை அதை எழுதிய லொரென்சோ செம்பிள் முதல் இருபது நிமிடத்தில் நகைச்சுவையாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் அதற்கப்புறம்? அந்தக் கேள்வியைத் தொடர் திரும்பத் தொடவே இல்லை. பேட்மேன் முறைப்படி நியமிக்கப்பட்ட சட்ட அதிகாரி என்று சொல்லி மூடிவிட்டார்கள். சிறைக் கண்காணிப்பாளர் கிரிக்டன் என்று ஒருவர் வருவார், கைதிகளைத் திருத்தலாம் என்று நம்பும் முற்போக்காளர். ஒவ்வொரு முறையும் அவர் சிறையிலிருந்துதான் வில்லன் தப்பிக்கிறான். தாராள மனது என்றால் ஏமாளி. கிங் டட் யார்? யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர், மாணவர் கலவரத்தில் மண்டையில் அடிபட்டு வில்லனானவர். லூயி த லைலாக் கதையில் ஹிப்பிகள் யார்? ஊரிலுள்ள பூவையெல்லாம் ஒருவன் வளைத்துப்போட்டால் அவன் பின்னாலேயே போய்விடும் மந்தை. இளைஞர்கள், மாணவர்கள், சீர்திருத்தக்காரர்கள் மூன்று பேருக்கும் ஒரே கதிதான். இதைத்தான் அதிகாரத்தைக் கேலி செய்வது என்கிறீர்களா, ஆன்டெனா சார்?


பழைய ஆன்டெனா எழுதியது:

கமிஷனர் கார்டனையும் அவருக்குக் கீழே இருக்கும் போலீஸ் அதிகாரி ஓ'ஹாராவையும் விட்டுவிட்டீர்கள். ஒரு மாநகரக் காவல் துறையின் தலைமை, எந்தக் குற்றம் நடந்தாலும் முதல் வேலையாகப் பேட்மேனைக் கூப்பிடும் சிவப்புத் தொலைபேசியைப் பார்க்கிறது. எங்களால் ஆகாது என்று வாய்விட்டே சொல்கிறது. காவல் துறையை இதற்குமேல் எப்படிக் கேலி செய்வது? ஹிப்பியைக் கிண்டல் செய்தார்கள், உண்மை. சீட் பெல்ட் போடு, சாலையைப் பார்த்துக் கட, பார்க்கிங் மீட்டரில் காசு போடு என்று உபதேசிக்கும் ஹீரோவையும் சேர்த்தே கிண்டல் செய்தார்கள். தொடரில் யாரும் தப்பவில்லை.


ஈரவெளி எழுதியது:

ஒருவர் தப்பினார்.

1966 அக்டோபர் 19, 20. வின்சென்ட் பிரைஸ் முட்டைத்தலை வில்லன் எக்ஹெடாக வரும் முதல் கதை. கோதம் நகரம் இருக்கும் நிலம் யாருடையது என்ற கேள்வியில்தான் கதையே ஓடுகிறது. நிலம் மோஹிகன் பழங்குடியினருடையது. ஊரை நிறுவிய மூன்று குடும்பங்கள் அதைக் குத்தகைக்கு எடுத்திருக்கின்றன. குத்தகைத் தொகை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒன்பது ரக்கூன் தோல். அந்த மூன்று குடும்பங்களில் ஒன்று, முகமூடியைக் கழற்றினால் பேட்மேனாக இருக்கும் புரூஸ் வெய்னின் குடும்பம். ஒன்பது தோல் ஒரு தடவை போய்ச் சேராவிட்டால் ஊர் முழுக்க அந்தப் பழங்குடியின் கடைசித் தலைவரிடம் திரும்பிவிடும். எக்ஹெட் தோல்களைத் திருடுகிறான், தலைவரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்குகிறான், ஊர் அவன் கைக்குப் போகிறது.

நிலம் பறிபோனவருக்குக் கதையில் வைத்த பெயர் ஸ்க்ரீமிங் சிக்கன். நடித்தவர் எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன், வெள்ளைக்காரர், பழைய சினிமாவில் பதறிப்போகும் வேடங்களுக்குப் பேர்போனவர். உடைந்த ஆங்கிலம், தலையில் இறகு. அவரைப் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்பதற்காகவே அவரை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் குத்தகைக் கதையை எழுதியவர் மனதில் ஏதோ இருந்திருக்கவேண்டும். பழங்குடியினரிடமிருந்து மன்ஹாட்டனை வெள்ளையர்கள் சில்லறைக்கு வாங்கிய பழங்கதை நியூயார்க்கில் எல்லோருக்கும் தெரியும். இங்கே அதை விற்பனையாகக் காட்டாமல் குத்தகையாகக் காட்டிவிட்டார்கள். அப்படியென்றால் வெய்ன் மாளிகை, வெய்ன் அறக்கட்டளை, அடியில் இருக்கும் குகை, எல்லாம் ஒன்பது தோலுக்கு வாடகை இடம். எக்ஹெட் செய்த மோசடியைப் பேட்மேன் உடைக்கிறார். அசல் பேரத்தில் இருந்த மோசடியை யாரும் பேசவில்லை. வாடகையை உயர்த்தலாம் என்றுகூட புரூஸ் வெய்னுக்குத் தோன்றவில்லை. நீர்மூழ்கி விற்ற அட்மிரலை அதட்டும் பேட்மேன் இதில் யாரை அதட்டுவார்?

மேயர், அட்மிரல், போலீஸ், ஐ.நா., எல்லோரையும் கேலி செய்தார்கள், சரி. பேட்மேனையும் கேலி செய்தார்கள். புரூஸ் வெய்னின் பணத்தை மட்டும் கேலி செய்யவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தொடர் தானாகவே ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னது, அதையும் கோழிப் பெயர் வைத்துச் சிரிப்பாக்கிவிட்டது.


சாம்பல் பூனை எழுதியது:

இந்த அத்தியாயத்தை நான் வெறும் எக்ஹெட் முட்டை ஜோக்குகளுக்காக ஞாபகம் வைத்திருந்தேன். இன்று ராத்திரி மறுபடியும் போடவேண்டியதுதான்.


மூன்றாம் மாடி எழுதியது:

ஈரவெளி, எழுதியவர் மனதில் இருந்ததாகச் சொல்வது உங்கள் ஊகம். அது எனக்கு எதிர்க்கட்சி வாதமாகவும் படவில்லை, ஏனென்றால் நான் சொன்னதையே நீங்கள் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். எல்லாம் முடிந்து எல்லாமே பழைய இடத்துக்குத் திரும்பும். லின்சீட் நாற்காலிக்கு, கார்டன் நாற்காலிக்கு, ஊர் வெய்னுக்கு.


பழைய ஆன்டெனா எழுதியது:

1966-இல் இரண்டு நாள் தொடர்ந்து ஏழரை மணிக்குக் குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சி முடிவில் ஊரையே மோஹிகன்களிடம் கொடுத்திருந்தால் மூன்றாவது நாள் ஒளிபரப்பு இருந்திருக்காது. ஜெமினி 8 விண்கலம் ஆபத்தில் சிக்கியதற்காக 1966 மார்ச் 16 அன்று பேட்மேனை இடையில் நிறுத்திச் செய்தி போட்டதற்கே தொடரை ஒளிபரப்பிய ஏபிசி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் திட்டு விழுந்தது. அந்தப் பார்வையாளர்களுக்கு நடுவே ஒன்பது தோல் கணக்கை உச்சரித்ததே எனக்குப் போதும். நீங்கள் முடிவைப் பார்க்கிறீர்கள், நான் நடுவில் நடப்பதைப் பார்க்கிறேன்.


கடலை மிட்டாய் எழுதியது:

புரூஸ் லீ வரும் அத்தியாயத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே?


தபால்காரர் எழுதியது:

1967 மார்ச் 1, 2. இன்னொரு தொடரின் நாயகன் கிரீன் ஹார்னெட்டும் அவருடைய உதவியாள் கேட்டோவும் கோதமுக்கு வரும் கதை. கேட்டோவாக லீ. சண்டையில் ராபினிடம் கேட்டோ தோற்பதாக எழுதியிருந்ததை லீ ஏற்கவில்லை, அதனால் சமனாக முடித்தார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் முதலாளிக்குக் கார் ஓட்டும் ஆளாக இருந்த பாத்திரம், கிரீன் ஹார்னெட் தொடர் ஹாங்காங்குக்குப் போனபோது ‘கேட்டோ நிகழ்ச்சி’ என்றே பெயர் வாங்கியது. ஆசிய முகங்களை அன்றைய தொலைக்காட்சி எப்படி நடத்தியது என்பது பெரிய பேச்சு, தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். அதற்கு முன் அந்தச் சண்டையை ஒருமுறை பாருங்கள். இரண்டு பேரும் சமம் என்று ஆடம் வெஸ்ட்டின் முகம்கூட நம்பவில்லை.